போல்ட்டுக்கு பாத்ரூம் வராது

அந்த ஜன்னல் சீட்டு என்றதுங்க, நான் புடிச்சது. துண்டு கிடக்குது பாருங்க, கீழ நின்னுக்கிட்டே உள்ள போட்டுட்டேன். நீங்க இக்கட்டால, இந்தப் பக்கமா உக்காருங்க. மிக்ஸிய மடியில வெச்சுக்காதீங்க, வழி பூராவும் ஸ்பீடு பிரேக்கரு. காலுக்கு நடுவுல வெச்சா அசையாது. ரிப்பேருங்களா. சரி, சரி.

நானுங்களா? கம்ப்யூட்டர் வேலைதானுங்க. அப்படிச் சொன்னா எல்லாரும் உடனே பிரிண்டர் ஓடமாட்டேங்குதும்பாங்க, நீங்க அப்படிக் கேக்கல, சந்தோசம். நான் வரிசை செய்யறவன். ஆமாங்க, ஆளுக நிக்கிற வரிசைதான். கம்ப்யூட்டருக்குள்ள. பேரு சென்னியப்பன். பீளமேட்டுல ஒரு மாடியில எங்க ஆபீசு, மொத்தம் ஒன்பது பேரு.

புரியலையா? சொல்றேன், இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்குது. ஒரு பம்பு கம்பெனிக்காரரு புதுசா ரெண்டு லேத்து மிஷினு வாங்கலாமான்னு ரோசனை பண்றாருன்னு வெச்சுக்குங்க. வாங்கிப் போட்டு ஆறு மாசம் ஓட்டிப் பாத்துட்டு, வேண்டாம்னு திருப்பிக் குடுக்க முடியுங்களா? முடியாது. அதனால கம்ப்யூட்டருக்குள்ள பொய்யா ஒரு கம்பெனி கட்டி, பொய்யா ரெண்டு லேத்து வெச்சு, ஒரு வருசத்து வேலையை ஒரு நிமிசத்துல ஓட்டிப் பாத்துருவோம். இதுக்கு சிமுலேஷன்னு பேரு. எப்படி ஒரு நிமிசத்துல ஓடும்பீங்க. எங்க கடியாரம் ஓடாதுங்க, தாவும். இந்த பஸ்ஸையே எடுத்துக்குங்களேன். நடுவுல தென்னந்தோப்பு வருது, கரண்டு எடுக்கிற காத்தாடி வருது, செங்கச்சூளை வருது. எங்க கணக்குல அதெல்லாம் ஒண்ணுமே கிடையாது. ஒரு ஸ்டாப்புல ஒருத்தரு ஏறினாரு. அடுத்த ஸ்டாப்புல ரெண்டு பேரு இறங்கினாங்க. ஒரு சம்பவத்துல இருந்து அடுத்த சம்பவத்துக்கு ஒரே தாவு. நடுவுல ஒண்ணும் நடக்காதபோது நேரம் எதுக்குங்க வீணா ஓடணும்?

அதுலயும் நான் நேரா கம்பெனி கட்டிக் குடுக்கிறவன் இல்லீங்க. கட்டறவங்களுக்குச் சாமான் செஞ்சு குடுக்கிறவன். லைப்ரரிம்பாங்க. புத்தகம் வெக்கிற லைப்ரரி இல்லீங்க. இப்ப கடையில பாக்கெட்டுல இட்லி மாவு விக்கிறாங்களே, அந்த மாதிரி. மாவை நாங்க ஆட்டிக் குடுத்துருவோம். அதுல இட்லி ஊத்துறதும் தோசை ஊத்துறதும் வாங்கறவங்க பாடு. ஆனா மாவு புளிச்சுதுன்னா ஊர்ல அத்தனை வீட்டு இட்லியும் புளிக்கும், அதுதான் இந்த வேலையில இருக்கிற பொறுப்பு.

என்ற லைப்ரரிக்கு ‘நேர்மை’ன்னு பேரு வெச்சிருந்தேன். ஒன்பது வருசம், நான் ஒருத்தனே உக்காந்து எழுதினது. அதுல வரிசைன்னா வரிசை. முதல்ல வந்தவன் முதல்ல போவான். குறுக்க பூந்து வர முடியாது, நடுவுல கழண்டுக்க முடியாது. வெளியேறுறதுக்கு ஒரே வழி, உன்ற முறை வந்து, வேலை முடிஞ்சு போறது. நம்ம ஊர்ல எங்கயாச்சும் இப்படி ஒரு வரிசையைப் பாத்திருக்கீங்களா? நான் என்ற கம்ப்யூட்டர்ல தினமும் பாப்பேன். சில சமயம் வேலை இல்லாட்டியும் சும்மா ஓட்டிப் பாப்பேன். அவ்வளவு அழகா இருக்கும்.

அந்த லைப்ரரியில வேலை பாக்கத்தான் ஜெபமலர் வந்து சேந்தது.

நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணுங்க. முப்பத்திரண்டு வயசு. கெட்டிக்காரி, அதை நான் எங்கயும் மறுக்கல. மறுத்தாலும் யாரும் நம்பறதில்ல. வேலைக்குச் சேந்த ரெண்டாவது வாரம் வந்து கேக்குது, “சார், வரிசையில நிக்கிற ஒருத்தர் நடுவுல போணும்னா எந்த ஃபங்ஷனைக் கூப்பிடணும்?” ஃபங்ஷன்னா விசேசம் இல்லீங்க, கம்ப்யூட்டருக்குச் சொல்ற ஒரு கட்டளை.

“எதுக்குப் போகணும்?”ன்னேன்.

“பாத்ரூம் வந்தா?”

நான் பொறுமையாத்தான் சொன்னேன். “அம்மிணி, ஒன்பது வருசமா இது ஓடுது. எத்தனையோ லேத்துப் பட்டறை, எத்தனையோ ஃபவுண்டரி. இதுவரைக்கும் ஒரு போல்ட்டு கூட பாத்ரூம் வருதுன்னு சொன்னதில்ல.”

“அடுத்து வர்றது ஆஸ்பத்திரி சார்”னு சொல்லிட்டுப் போயிருச்சு.

இன்னொண்ணும் சொல்லிச்சுங்க, அதுதான் எனக்குள்ள நின்னுபோச்சு. “நோயாளி ஒரே ஆளு சார். நீங்க அவங்களை மூணு துண்டா வெட்டி மூணு ஃபைல்ல வெச்சிருக்கீங்க. வந்தது ஒரு எடத்துல, நின்னது ஒரு எடத்துல, போனது ஒரு எடத்துல. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஒரே எடத்துல படிக்க முடியல.” அது எப்படி எழுதும்னா, ஆளுக்கு ஒரு கதை மாதிரி எழுதும். வந்தேன், வரிசையில நின்னேன், காத்திருந்தேன், கூப்பிட்டாங்க, சீட்டு வாங்கினேன், போனேன். காத்திருக்கிற எடத்துல கதை அப்படியே நிக்கும். நேரம் வந்ததும் விட்ட எடத்துல இருந்து மறுபடி ஓடும். நான் சொன்னேன், கதை எழுதறதா இருந்தா வாரப் பத்திரிகைக்கு எழுது, லைப்ரரிக்கு எதுக்குன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்கல. நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் கம்மி.

ஆஸ்பத்திரி விசயத்துக்கு வர்றேன். ஊர் பேரு வேண்டாங்க, ஒரு டிரஸ்டு நடத்துற ஆஸ்பத்திரி. நல்லவங்க. காலையில சீட்டு எழுதற கவுண்டர் மூணு. கூட்டம் தாங்கல, மருந்துக் கடைக்கும் கூடத்துக்கும் நடுவுல இருக்கிற செவுத்தை இடிச்சு நாலாவது கவுண்டர் வெக்கலாம்னு இருந்தாங்க. இடிக்கிறதுக்கு முன்னாடி எங்களைக் கேட்டாங்க. அவங்க அனுப்பின விவரத்தை வெச்சு நான் ‘நேர்மை’யில ஓட்டினேன். ஒரு ஆளு சராசரியாக் காத்திருக்கிறது பதினொண்ணு புள்ளி நாலு நிமிசம். நான் என்ன பண்ணினேன், நாலாவது கவுண்டர் தேவையில்ல, இருக்கிற மூணுலயே ஒண்ணை மூடிக்கலாம்னு எழுதிட்டேன். அறிக்கை பதினாறு பக்கம், படத்தோட.

அதைக் குடுக்கப் போனப்ப எங்க முதலாளி நிரஞ்சனும் கூட வந்தான். பெரிய டாக்டரம்மா சுபத்ரா, அவங்கதான் அங்க எல்லாம். ரெண்டாம் பக்கத்துலயே நிறுத்திட்டாங்க.

“பதினொரு நிமிசமா?”ன்னாங்க. “எழுபது நிமிசம் ஆகுதுங்க இங்க. நீங்க எந்த ஆஸ்பத்திரியைப் பாத்தீங்க?”

“எதையும் பாக்கலீங்க டாக்டர். பாக்கத் தேவையில்லீங்க, அதுதான் இதுல வசதியே”ன்னு நான் விளக்க ஆரம்பிச்சேன். அதுக்குள்ள நிரஞ்சன் மேசைக்கடியில என்ற காலை மிதிச்சுட்டான். அவன் எப்பவும் அப்படித்தான், காலை எங்க வெக்கிறோம்னு பாத்து வெக்கமாட்டான்.

வெளிய வந்ததும் சொன்னான், “அண்ணா, ஒரு வாரம் போய் உக்காந்து பாருங்க. ஜெபமலரையும் கூட்டிட்டுப் போங்க. செவுத்தை இடிச்சதுக்கப்புறம் தப்புன்னு தெரிஞ்சா, அந்த ஆஸ்பத்திரிக்காரங்க மூஞ்சியில நாம முழிக்க முடியாது.”

எனக்குச் சம்மதம்தான். ஏன்னா தப்பு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். தப்பு ஆளுக மேல. அதை எழுதிக் கொண்டுவந்து காட்டணும்னுதான் போனேன்.

ஆடி மாசம், காத்துன்னா காத்து. எட்டு மணிக்குத்தான் கவுண்டர் திறப்பாங்க, நாங்க ஆறே முக்காலுக்கே போயிட்டோம். கூடத்து வாசல்ல ஒரு ஆளு இல்ல. நான் நோட்டைப் பிரிச்சு எழுதினேன்: நேரம் ஆறு நாப்பத்தஞ்சு, வந்தவர் பூச்சியம். எட்டிப் பாத்தா அந்தப் பொண்ணு அதோட நோட்டுல எழுதிருக்குது: வந்தவர் இருபத்து மூணு.

“கண்ணு சரியில்லையா அம்மிணி?”ன்னேன்.

தரையைக் காட்டுச்சு. கவுண்டர் ஜன்னல்ல இருந்து வாசல் வரைக்கும் வரிசையா சாமானம். ஒத்தைச் செருப்பு, தண்ணி பாட்டில், ஹெல்மெட்டு, சோறு கொண்டுவந்த ஒரு தூக்குப் போசி, காத்துல பறக்காம இருக்கக் கல்லு வெச்ச ஃபைலு, அரைச் செங்கல்லு. ஆளுக எல்லாம் ரோட்டுக்கு அக்கட்டால பேக்கரியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க. எட்டு மணிக்கு ஷட்டர் சத்தம் கேட்டதும் வந்தாங்க பாருங்க, அவங்கவங்க அவங்கவங்க செருப்புக்குள்ள கால விட்டு நின்னாங்க. ஒரு சண்டை இல்ல, ஒரு சச்சரவு இல்ல. அரைச் செங்கல்லுக்காரரு மட்டும் செங்கல்லைப் பத்திரமா ஓரத்துல எடுத்து வெச்சாரு, நாளைக்கு வேணுமாம்.

ஏனுங்க சிரிக்கிறீங்க? துண்டா? துண்டு வேறங்க. துண்டைப் போட்டுட்டு நான் பக்கத்துலயே, பஸ்ஸுக்குக் கீழதான நின்னேன். அவங்க ரோட்டுக்கு அக்கட்டால இல்ல இருந்தாங்க. இருபது அடி இருக்கும். வேற வேற.

அடுத்த தொந்தரவு, சும்மா ஒரு கேள்வி. கவுண்டர்ல ஷாஜகான்னு ஒருத்தரு, நாப்பது வயசு இருக்கும், மழை பேஞ்சாலும் இடி விழுந்தாலும் குரல் ஒரே மட்டத்துல இருக்கும். முன்னாடி வரிசை நேரா நிக்குது. பக்கவாட்டுல ஒரு முழங்கை நுழையுது. “சும்மா ஒரு கேள்விங்க, ரத்தம் குடுக்கிறதுக்குச் சாப்பிட்டு வரணுங்களா, சாப்பிடாம வரணுங்களா?” அவரு பதில் சொல்றாரு. அடுத்த முழங்கை. “சும்மா ஒரு கேள்விங்க, கண் டாக்டர் இன்னிக்கு உண்டுங்களா?” ஒரு மணி நேரம் எண்ணினேன். எழுதின சீட்டு நாப்பத்தொண்ணு. பதில் சொன்ன கேள்வி தொண்ணூத்தாறு.

நான் போய்ச் சொன்னேன், “ஏனுங்க, அவங்களையும் வரிசையில வந்து கேக்கச் சொல்லலாமில்ல?”

அவரு பேனாவைக் கீழ வெக்காமச் சொன்னாரு, “சாப்பிட்டு வரணுமா வேண்டாமான்னு கேக்க எழுபது நிமிசம் நிக்கணுமா சார்? அதுக்குள்ள பசிச்சுச் சாப்பிட்டுருவாங்க.”

இது தர்க்கமே இல்லீங்க. 

மூணாம் நாள் நான் ஒரு முடிவு பண்ணினேன். ஒரு ஒழுங்கான ஆளு ஒழுங்கா நின்னா எத்தனை நிமிசம் ஆகுதுன்னு நானே நின்னு அளந்துரலாம். செருப்பு வெக்காம, முழங்கை நீட்டாம. கையில நோட்டு, மணிக்கட்டுல வாட்சு. ஏழே முக்காலுக்கு நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா, தறி ஓட்டறவங்க, தலையில பஞ்சு ஒட்டியிருந்துது. பேரு தெய்வாத்தாள். நாப்பது வயசுகூட இருக்காது. இருமல்னா அப்படி ஒரு இருமல். கொஞ்ச நேரத்துல செவுத்தைப் புடிச்சுக்கிட்டாங்க.

“ஏனுங்ணா, மூச்சு வாங்குது. சித்த மரத்தடியில உக்காந்துட்டு வர்றேன், பாத்துக்குங்க”ன்னாங்க.

“அப்படி முடியாதுங்க, போனா மறுபடி கடைசியிலதான் நிக்கணும்”னு சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க ஃபைலு என்ற கையில இருக்குது. ஆளு மரத்தடியில.

இதைப் பின்னாடி நின்னவரு பாத்துட்டாரு. ஃபைலு வெச்சிருக்கிறான், நோட்டு வெச்சிருக்கிறான், கண்ணாடி போட்டிருக்கிறான், நம்பலாம்னு நினைச்சிருப்பாரு போல. ஹெல்மெட்டைக் குடுத்து, “வண்டிய நிழல்ல போட்டுட்டு வந்தர்றேன்”னாரு. அவருக்குப் பின்னாடி இருந்தவங்களுக்கு போன் வந்துது. இன்னொருத்தருக்கு, மன்னிக்கணும், பாத்ரூம். நான் என்ன பண்றது? யாரு யாருக்குப் பின்னாடின்னு குழம்பிரக்கூடாதுன்னு பேரு, வயசு, எந்த டாக்டருன்னு நோட்டுல வரிசையா எழுதிக்கிட்டேன். அது இன்னும் தப்பாப் போச்சு. “ஒரு அண்ணன் நோட்டுல எழுதிக்கிறாரு, குடுத்துட்டுப் போலாம்”னு செய்தி பரவிருச்சு. எட்டரை மணிக்கு நான் பதினோரு பேரு. தோள்ல ரெண்டு பை, கையில ஹெல்மெட்டு, கக்கத்துல ஃபைலுக.

அப்படியே நகந்து நகந்து கவுண்டர் வந்துருச்சு.

ஷாஜகான் நிமிந்து பாத்தாரு. “யாருக்கு சார் சீட்டு?”

திரும்பிப் பாத்தா மரத்தடியில அந்தம்மா தலையக் கவுத்து உக்காந்திருக்காங்க. கூப்பிட்டாக் கேக்காது. ‘நேர்மை’யில இதுக்கு வழியே இல்லீங்க. முறை வந்தவர் இல்லைன்னு ஒரு நிலைமையே கிடையாது.

“தெய்வாத்தாள்”னு ஃபைலை நீட்டினேன்.

அவரு ஃபைலைப் பாத்ததுமே சொன்னாரு, “இந்தம்மாவா. இது நாலாவது வாட்டி சார். மூணு வாட்டி வந்து பாதி வரிசையிலயே போயிட்டாங்க, தறி ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு. போறப்ப எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவாங்க, நாளைக்கு வர்றேன்னு.”

உள்ள ஒரு கடுதாசி இருந்துது. அவங்க ஊர் டாக்டர் எழுதினது. உடனே எக்ஸ்ரே எடுக்கவும்னு. தேதியப் பாத்தா மூணு வாரத்துக்கு முன்னாடி.

“அந்த மூணு நாளும் இவங்க நின்ன நேரத்தை எதுல பதிஞ்சீங்க?”ன்னேன்.

“சீட்டே வாங்கலையே சார், எதுல பதியறது?”

“எங்களுக்கு அனுப்பினீங்களே, அந்த விவரத்துல?”

“அது சீட்டு வாங்கினவங்க கணக்கு சார். எழுதறதுக்கு எத்தனை நிமிசம், ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு. அதைத்தான கேட்டீங்க.”

அதைத்தான் கேட்டேன். என்ற கையெழுத்துலதான் கேட்டேன்.

“ஆளு வரட்டும், அடுத்தவங்களைப் பாக்கிறேன்”னாரு. மணி ஒன்பதாகப் போகுது, பத்து மணிக்கு ஷிஃப்டுன்னு அந்தம்மா வரிசையில நிக்கிறப்பவே சொல்லிருந்தாங்க. நான் சொன்னேன், “இல்லீங்க, போடுங்க. பேரு, வயசு எல்லாம் எங்கிட்ட இருக்குது.” சொல்லச் சொல்ல அவரு எழுதினாரு. எழுதிட்டு, “அடுத்து?”ன்னாரு. அடுத்ததும் நான்தான். அதுக்கடுத்ததும் நான். நோட்டைப் பாத்துப் படிச்சுக்கிட்டே இருந்தேன். அஞ்சாவது சீட்டுக்குப் பின்னாடி முணுமுணுப்பு. ஏழாவது சீட்டுக்கு ஒருத்தரு, “யோவ், இது என்ன உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையா, பேரு பேரா எழுதறதுக்கு”ன்னாரு. ஒன்பதாவது சீட்டுக்கு வாட்ச்மேன் வந்து என்ற சட்டைக் காலரைப் புடிச்சுட்டாரு. சீட்டு வாங்கி விக்கிற புரோக்கருன்னு நினைச்சுட்டாரு. அவரு மேல தப்புச் சொல்ல முடியாது, பாக்கறதுக்கு அப்படித்தான் இருந்திருப்பேன்.

அந்தச் சமயத்துல ஜெபமலர் வந்துது. வாட்ச்மேன் கேட்டாரு, “இவரு யாருன்னு தெரியுமாம்மா?” அந்தப் பொண்ணு என்னைய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துச்சு. ஹெல்மெட்டு, பை, தூக்குப் போசி எல்லாத்தையும் பாத்துச்சு. “தெரியும்ணே. வரிசையை ரொம்ப மதிக்கிறவரு”ன்னுச்சு. வாட்ச்மேன் புடியை இறுக்கினாரு.

பெரிய டாக்டரம்மா ரூமுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாங்க.  கவுண்டர்ல இருந்து திருப்பி வாங்கின தெய்வாத்தாள் ஃபைலு என்ற கக்கத்துலதான் இருந்துது. டாக்டரம்மா அதை வாங்கிப் படிச்சாங்க, எந்திரிச்சு மரத்தடிக்கு அவங்களே போனாங்க. அன்னிக்கே எக்ஸ்ரே. காசநோய், ஆரம்பம்தான். ஆறு மாசம் மாத்திரை. போன மாசம் முடிஞ்சுது, இப்ப நல்லா இருக்காங்க, தறிக்குப் போறாங்க. அதுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. நான் அளவெடுக்கப் போனவன்.

திரும்பி ஆபீசுக்கு வந்தோம். நான் நிரஞ்சன்கிட்ட, லைப்ரரியில ஒரு சின்னத் திருத்தம் பண்ணலாம்னு இருக்கேன், மூணு மாசம் ஆகும்னு சொன்னேன். அவன் ஜெபமலரைப் பாத்தான். அது கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுச்சு. அந்த ஒரு வாரத்துல ஏற்கெனவே எழுதி முடிச்சிருக்குது. ஆளுக்கு ஒரு கதை. வந்தேன், நின்னேன், மூச்சு வாங்குச்சு, சாமானத்தை வெச்சுட்டுப் போனேன், வந்தேன். இல்லீன்னா, நின்னேன், நேரமாச்சு, போயிட்டேன். போனவங்களும் கணக்குல இருக்காங்க. ஓட்டினாங்க. அறுபத்தெட்டு நிமிசம். நிசத்துல எழுபது.

அதோட நிக்கல. செவுத்தை இடிச்சு நாலாவது கவுண்டர் வெச்சா அம்பத்தஞ்சு நிமிசம். செவுத்தை விட்டுட்டு, கேள்விக்குன்னு வெளிய ஒரு மேசை போட்டா பத்தொன்பது நிமிசம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. கணக்குச் சரியா வந்ததுக்கு இல்லீங்க, அது எப்படியும் வந்திருக்கும். சாமானம் வெக்கிறதுக்குன்னு லைப்ரரியில அது ஒரு பகுதி எழுதி, அதுக்குப் பேரு வெச்சிருக்குது பாருங்க: ‘செருப்பு’. ஒன்பது வருசத்து லைப்ரரி. அதுல செருப்பு. நாளைக்கு வெளிநாட்டுக்காரன் எவனாச்சும் எடுத்துப் பாத்தா என்ன நினைப்பான்? நான் ‘இடப் பிரதிநிதி’ன்னு வெக்கணும்னேன். ரெண்டு வாரம் மீட்டிங் ஓடுச்சு. மத்த ஏழு பேரும் செருப்புப் பக்கம். கடைசியில நிரஞ்சன், செருப்புங்கிற பேரும் இருக்கட்டும், அண்ணன் சொல்ற பேரும் இருக்கட்டும், எதை எழுதினாலும் வேலை செய்யட்டும்னு தீர்ப்புச் சொல்லிட்டான். எனக்குத்தான் வெற்றி, ஏன்னா லைப்ரரியோட விளக்கப் புத்தகத்துல நான் வெச்ச பேருதான் மேல இருக்குது, அகர வரிசைப்படி.

யாரு எதைப் பயன்படுத்தறாங்கன்னு பாத்தேன். செருப்பு ஏறும், இறங்கும். ‘இடப் பிரதிநிதி’ மாசா மாசம் ஒண்ணு. கூடறதும் இல்ல, குறையறதும் இல்ல. அந்த நிலைத்தன்மை முக்கியமுங்க. அது யாருன்னா, நான்தான். அது பரவால்ல.

இப்ப ரெண்டாவது வெர்ஷன் வந்திருக்குது. அடிப்படையில அது என்றதுதான். ஜெபமலர் உள்ள இருக்கிறதையும் வெளிய இருக்கிறதையும் பேரையும் மாத்துச்சு, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில செவுத்தை இடிக்கல. மரத்தடியில ஒரு மேசையும் ரெண்டு நாற்காலியும் போட்டு, ‘கேள்வி மட்டும்’னு ஒரு பலகை மாட்டினாங்க. வாரத்துக்கு ஆறு நாளும் ஆளு உக்காரணும். அஞ்சு நாளைக்குக் கிடைச்சுட்டாங்க, ஓய்வு பெத்த நர்சம்மா ரெண்டு பேரு மாத்தி மாத்தி உக்காருவாங்க. வியாழக்கிழமைக்குத்தான் யாரும் அமையல. நான் முதல் வியாழன் போனது கணக்கைச் சரிபாக்கத்தானுங்க. பத்தொன்பது நிமிசம்னு சொல்லிருக்கோம், நிசமா வருதான்னு பாக்கணுமில்ல. மேசை காலியாக் கிடந்துது. ஜனங்க சுத்தி நிக்குது. வெயில் வேற. நோட்டு வெக்க எடம் வேணும்னு நாற்காலியில உக்காந்தேன். உக்காந்ததும் ஒருத்தரு கேட்டாரு, காது டாக்டரு எந்த மாடின்னு. தெரிஞ்சுது, சொன்னேன்.

ஆறு மாசம் ஆகுது. வியாழக்கிழமை வியாழக்கிழமை இந்த பஸ்ஸுதான். வீட்டுல கேக்கிறாங்க, ஆபீசுல கேக்கிறாங்க, என்ன அங்க அப்படி வேலைன்னு. தரவு சேகரிப்புன்னு சொல்லிருக்கேன். அதுதான உண்மையும். ஒரு கேள்விக்கு எத்தனை நொடி ஆகுது, எந்த நேரத்துல கூட்டம் ஏறுது, இதெல்லாம் லைப்ரரிக்கு வேணுமுங்க. ஆரம்பத்துல நோட்டுல ரொம்ப ஒழுங்கா எழுதினேன். அப்புறம் பாத்தா ஒருத்தரு மருந்துச் சீட்டை நீட்டி எது சாப்பாட்டுக்கு முந்தி எது பிந்திங்கிறாரு. இன்னொருத்தங்களுக்குப் படிக்கத் தெரியல, கூடவே ரத்தம் எடுக்கிற ரூம் வரைக்கும் போகணும். ஒருத்தங்க கேள்வியே இல்லாம வந்து உக்காந்துட்டுப் போவாங்க. அதை எந்தக் கட்டத்துல எழுதறது?

கண்டக்டர், அடுத்த ஸ்டாப்புங்க. சித்த நகருங்க, மிக்ஸி காலுல இடிக்குது. இல்ல இல்ல, ஒண்ணும் ஆகல.

நேத்து ஜெபமலர் கேட்டுச்சு, “சார், மூணு மாசமா உங்க நோட்டுல ஒண்ணுமே இல்லையே. போன வியாழன் எத்தனை கேள்வி வந்துது?”ன்னு. விவரம் தெரியாத பொண்ணு.

எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தா பதில் யாருங்க சொல்றது?